பால் வங்கியின் வாசலில்

கல்யாணமாகி வெகுகாலம் காக்கவைத்த பிள்ளை, பிறக்கும்போது மட்டும் அவசரப்பட்டுவிட்டான். சொன்ன நாளுக்கு ரொம்ப முன்னாலேயே வந்து, அரசு ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள், யாரோ தூக்கத்தைக் கெடுத்துவிட்டதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு படுத்திருந்தான். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற உடம்பு. அம்மாவுக்கு ஆபரேஷன், அதோடு ரத்த அழுத்தம் வேறு. பால் இன்னும் சுரக்கவில்லை.

"பவுடர் பால் இவன் குடலுக்குத் தாங்காது. நம்ம பால் வங்கியில மத்த அம்மாங்க குடுத்த பால் இருக்கு, அதைக் குடுத்துடலாம்" என்றார் டாக்டரம்மா.

வேறு எந்த அப்பனாக இருந்தாலும் கும்பிடு போட்டுச் சரி என்றிருப்பான். நம் ஃபிரிட்ஜ் மெக்கானிக், "அந்த அம்மாங்க யாரு, நம்ம ஆளுங்களா?" என்று கேட்டான்.

போன வருடம்வரை இப்படியெல்லாம் கேட்கத் தெரியாத மனுஷன்தான். தெருவில் இரண்டு மதத்துக்காரர்களும் கல்லெறிந்துகொண்டதில் அவன் கடைக் கண்ணாடி நொறுங்கியது. விக்கித்து நின்றவனின் தோளில் முதலில் கைபோட்டவர் மைக் அண்ணன். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல், அதனால் அந்தப் பெயர். அவருடைய சங்கத்தில் மெக்கானிக்கும் சேர்ந்தான். அந்த மதத்துக்காரர்கள் கடையில் வாங்காதே, அவர்கள் கையால் தண்ணீர்கூடக் குடிக்காதே என்றார்கள். இவனும் சிக்கெனப் பிடித்துக்கொண்டான். ஆறுதல் சொன்னவர் எதைச் சொன்னாலும் நமக்குச் சரியாகத்தானே படும்?

பால் வங்கிக்கே போய் நின்றான். வங்கி என்றால் ஒரு அறை, ஒரு மேஜை, இரண்டு பெரிய ஃப்ரீசர். அங்கிருந்த சிஸ்டரிடம், "நம்ம பக்கத்துப் பாலா பார்த்து எடுத்துக் குடுங்க சிஸ்டர்" என்றான்.

அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "முடியாதுண்ணா. நாலஞ்சு அம்மாங்க பாலை ஒரே பாத்திரத்துல ஊத்தி, சுடவச்சு, ஆறவச்சு, அப்புறம்தான் பாட்டில்ல அடைக்கிறோம். ஊத்தினப்புறம் எனக்கே தெரியாது. இது அரசாங்க ஆஸ்பத்திரி. பாட்டில் மேல தேதிதான் எழுதுவோம், மதம் எழுத மாட்டோம்."

"அப்ப என் புள்ளைக்கு வேண்டாம்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தான். அதோடு விட்டானா? ஆத்திரத்தில் மைக் அண்ணனுக்கும் போன் போட்டான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

மத்தியானத்துக்குள் அவன் பேர் ஊர்பூராவும் செல்போனில் சுற்றியது. பிள்ளை பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை என்று நிற்கிற தகப்பன் என்று தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். சாயங்காலம் பால் வங்கி வாசலில் கூட்டம். பாலைப் பிரித்து வை, இல்லையென்றால் அறையை அடித்து நொறுக்குவோம் என்று மைக் அண்ணன் முழங்கினார். காவலுக்கு இரண்டே போலீஸ்காரர்கள், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

மெக்கானிக்கோ மாடியில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். குச்சி மாதிரி ஒரு கையில் குளுக்கோஸ் ஊசி, மூக்கில் எதற்கோ ஒரு குழாய். விலா எலும்பு ஏறி ஏறி இறங்கியது. அவனுக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. சொன்னால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? யாராவது தன்னை மீறி, தன்னைக் கேட்காமல், அந்தப் பாலைக் கொடுத்துத் தொலைக்க மாட்டார்களா என்று ஏங்கினான். இதை யாரிடம் போய்ச் சொல்லுவான்?

மனைவியின் கட்டிலுக்குப் போனான். அவள் தலையணையில் சாய்ந்தபடி, "ஏங்க, புள்ள காலையிலேயே பால் குடிச்சுட்டான்" என்றாள்.

"என்னது?"

"மூக்குல குழாய் வச்சுக் குடுத்தாங்க. மூணு வேளை ஆச்சு. கக்கவே இல்லையாம். அம்மா சரின்னா போதும்னு சட்டம் இருக்காம். நான் சரின்னுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"கேட்டா நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்க. சொன்னதை மாத்தவும் வராது உங்களுக்கு. அப்புறம் ஆயுசுக்கும் உங்களைப் பார்க்கிறப்பெல்லாம் எனக்கு அதுதாங்க ஞாபகம் வரும். அது வேண்டாம்னுதான் கேக்கல."

அவன் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான். கோபம் வரும் என்று அவனே எதிர்பார்த்தான். வந்தது அழுகை. அவள் புறங்கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதான். தன் பேச்சை மதிக்காமல் போன இவளைவிடத் தனக்கு நல்லது செய்தவர் உலகத்தில் யாருமில்லை என்று அந்த நிமிஷம் அவனுக்குத் தோன்றியது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எதிர்க் கட்டில் அக்கா இருக்காங்களே, அவங்க அந்தப் பக்கத்து ஆளுங்க. அவங்களுக்குப் பால் கட்டித் தாங்க முடியாம காய்ச்சலே வந்துடுச்சு. அவங்க வீட்டுக்காரர், தங்க பால் நம்ம ஆளுங்க புள்ளைக்குப் போயிடுமோன்னு ஒரே சண்டை. அவர் டீ குடிக்கப் போற நேரம் பார்த்து அக்கா பால் வங்கிக்குப் போய்க் குடுத்துட்டு வராங்க."

அழுகைக்கு நடுவே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தான். அந்தப் பெண் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினான். அவனைப் பார்த்ததும் கூட்டம் ஆரவாரம் செய்தது. மைக் அண்ணன் அவன் கையைப் பிடித்துத் தூக்கி, "புள்ளையோட அப்பாவே வந்துட்டார், பேசுவார்!" என்றார்.

நாலு பேருக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன். "என் புள்ள காலையிலேருந்து இந்த ரூம் பாலைத்தான் குடிக்கிறான்" என்றான்.

மைக் அண்ணன் அவனை ஓரமாக இழுத்தார். அந்தக் குரல் அவ்வளவு மெதுவாகக்கூடப் பேசும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. "மானத்தை வாங்காத. மேல போய் நிறுத்தச் சொல்லு. இல்லன்னா உன் புள்ள நம்ம ஆளே இல்ல."

"இல்லன்னா பரவாயில்லண்ணே" என்றான் மெக்கானிக். "உசிரோட இருக்கான்."

சொல்லிவிட்டு, பால் வங்கியின் கதவை அடைத்தாற்போல வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். கூட்டத்தின் ஓரத்தில், வீட்டில் கைக்குழந்தை இருக்கிற ஒருவர் மெல்ல நழுவினார். அவர் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிஸ்டர் கதவைத் தட்டினாள். "அண்ணா, கொஞ்சம் நகருங்க. அடுத்த வேளைப் பால் மேல போகணும்."

அவன் எழுந்து வழிவிட்டான்.