காப்புக் கட்டிய எட்டு நாள்

எங்கள் வீட்டுச் சாமியின் பெயர் அன்னக்கொடி. கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். அவள் என் மகள். மேற்கு அறையில் அவளுக்கு ஓர் ஓலைப்பெட்டி உண்டு. உள்ளே சிவப்புச் சேலை, கண்ணாடி வளையல். பங்குனியில் பழைய சேலையை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்போம். சில நாள் அந்த அறையில் கனிந்த பழ வாசம் அடிக்கும். அங்கே நாங்கள் பழம் வைப்பதில்லை. வாசம் வந்தால் என் மனைவி ரெங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நான் வெளியே வந்துவிடுவேன்.

ஊர் அறிந்தது இதுதான்: பங்குனித் திருவிழாவில் அம்மன் அவள்மேல் இறங்கினாள், திருவிழா முடிந்ததும் தன்னோடு கூட்டிக்கொண்டாள். விளாங்குடிக்கு மேற்கே எங்கள் ஊர். அம்மனுக்கு முதல் காப்பு ஐந்து தலைமுறையாக எங்கள் வீட்டுக் கையில்தான் கட்டுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணை அம்மன் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்பதில் குறைவு ஒன்றுமில்லை. ஏழு வருஷமாக அதை நான் தலை நிமிர்ந்தே சொல்லி வந்தேன்.

என் தம்பி மகன் காளை மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவன் வட்டிலில் போட்ட சோற்றைத் தொடவில்லை. தனியே அழைத்துக் கேட்டேன். உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்களுடைய டாக்டர் புத்தகத்தை மட்டும் வைத்து நடத்துவதில்லையாம். பழைய நோயாளிகளின் கேஸ் தாளை எடுத்து, பெயரை விட்டுவிட்டு, வந்த நிலையைப் படிப்பாராம். உள்ளே என்ன நடந்தது, எந்த மருந்து எதற்கு என்று பிள்ளைகள் யோசித்துச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு தாளை ஆரம்பித்திருக்கிறார். பத்தொன்பது வயதுப் பெண், மேற்கத்தி விவசாயக் குடும்பம், சர்க்கரை வியாதி. மீதி திங்கட்கிழமை.

“வலது கையில தேள் பச்சை குத்தியிருக்கு, மணிக்கட்டுல மஞ்சக் காப்புக் கட்டுன தடம்னு எழுதியிருக்கு பெரியப்பா,” என்றான். “அது நம்ம அக்காதான?”

அவளுக்கு வியாதி இருந்தது அவனுக்கே தெரியாது. எவருக்கும் தெரியாது. மாப்பிள்ளை பேசி முடித்திருந்த பெண். பழங்காநத்தத்தில் அவள் மாமன் வீட்டில் தையல் பழகுகிறாள் என்று ஊரில் சொல்லிவிட்டு, அங்கிருந்து காலையும் மாலையும் அதே ஆஸ்பத்திரிக்கு இன்சுலின் ஊசிக்காகக் கூட்டிப் போனோம். அந்தத் தாள் நாலு வாய்க்குப் போனால் எங்கள் ஊருக்கும் வந்துவிடும். அப்புறம் மேற்கு அறையில் இருப்பது சாமி இல்லை, வெறும் பிணம் என்பார்கள். முதல் காப்பும் வேறு கைக்குப் போகும்.

திங்கட்கிழமை நானே போனேன். டாக்டர் அழகுமலை ஒல்லியான மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தாளைக் கொடுத்துவிடும்படி சொன்னேன். அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை என்றார். தேள் இருக்கிறதே என்றேன். அவர், நாளைக்கு இந்தப் பிள்ளைகள் கையில்தான் மருந்துப் புட்டி இருக்கும், மருந்து நின்றால் உடம்புக்குள் என்ன ஆகும் என்று தெரியாதவன் கையில் அது வெறும் தண்ணீர் என்றார். இன்று உட்கார்ந்து கேளுங்கள், கேட்ட பிறகும் உங்கள் வீட்டுக்கு அவமானம் என்று தோன்றினால் உங்கள் கையிலேயே தந்துவிடுகிறேன் என்றார்.

பின்சுவர் ஓரம் நாற்காலி போட்டார்கள். தலைப்பாகையை எடுக்காமல் உட்கார்ந்தேன். இருபது பேர் இருந்தார்கள். காளை திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னார். வண்டியில் வந்தபோது நினைவில்லை. கண் உள்ளே போயிருந்தது, நாக்கு வறண்டிருந்தது. மூச்சு மட்டும் ஓடி வந்தவள் மூச்சைப் போல ஆழமாகவும் வேகமாகவும் இருந்தது. நெஞ்சில் சளி இல்லை. பின் ஏன் அந்த மூச்சு என்று கேட்டார்.

முன் பெஞ்சிலிருந்து சங்கிலி என்ற பையன் எழுந்தான். ஊசி இல்லாவிட்டால் உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கும், அந்தக் கழிவு ரத்தத்தைப் புளிக்க வைக்கும் என்றான்.

“புளிப்பை வெளிய தள்ளத்தான் சார் மூச்சு அம்புட்டு ஆழமா இழுக்குது. வாயில பழுத்த பழ வாசமும் வரும்.”

என் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

காப்புக் கட்டிய ஐந்தாம் நாள் காலை ரெங்கம்மாள் ஓடி வந்து சொன்னது அதைத்தான். பிள்ளை வாயில் பழம் மணக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, அம்மன் இறங்கிவிட்டாள் என்றாள். சாமியாடிகளின் மூச்சை நாங்கள் பார்க்காதவர்களா? மஞ்சள் நீர் ஊற்றிப் பலகையில் உட்கார வைத்தோம். ஊரே வந்து விழுந்தது. மழை வருமா என்று கேட்டார்கள். பெற்ற மகள் காலில் நானும் விழுந்தேன்.

டாக்டர் அடுத்த கேள்விக்குப் போனார். இந்தப் பெண் ஆறு மாதம் ஒழுங்காக ஊசி போட்டவள். கடைசி எட்டு நாள் வரவில்லை. ஏன் என்று தாளில் இல்லை.

ஒருவன், வண்டிக்கு வழியில்லாத வீடாக இருக்கும் என்றான். இன்னொருவன் சிரித்தபடி, “பொம்பளப் புள்ளதானன்னு விட்டுருப்பாக சார். செத்தா ஒரு கல்யாணச் செலவு மிச்சம்,” என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“எங்க வீட்டுல மூணு வில்வண்டி நின்னுச்சு,” என்றேன். “என் மக யாருக்கும் வேண்டாத புள்ள இல்ல.”

சிரிப்பு நின்றது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் என் மகளை வசதியில்லாமலும் பாரம் என்று நினைத்தும் விட்டுவிட்டதாக ஒரு கூட்டம் எழுதிக்கொண்டு போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. சொன்னேன். காப்புக் கட்டுகிற அன்று கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று அவள் வந்தாள். புறப்படுவதற்குள் காப்புக் கட்டும் கொட்டு முழங்கிவிட்டது. முதல் காப்புக் கட்டிய வீட்டார் எட்டு நாள் ஊர் எல்லை தாண்டக் கூடாது. ஊசிக்காரரை ஊருக்குள் வரவழைத்தால் வியாதி வெளியே தெரிந்துவிடும். எட்டு நாள்தானே என்று நினைத்தேன். காப்பு அவிழ்த்ததும் வண்டி கட்டினேன். மறுநாள் காலையில் இறந்தாள்.

டாக்டர் மெல்ல, போக வேண்டும் என்று அவள் கேட்டாளா என்றார்.

“கேட்டா. முத நாளே கேட்டா. மூணாம் நாளு என் காலப் புடிச்சு அழுதா. ஆறாம் நாளுலருந்து கேக்கல,” என்றேன். “என் வார்த்தைக்குக் கட்டுப்பட்டுப் படுத்துக்கிட்டா. எங்க வீட்டுப் புள்ள.”

ஏழு வருஷமாக எனக்கு இருந்த ஆறுதல் அது ஒன்றுதான். அவள் என்னை மன்னித்து அடங்கினாள் என்று நம்பியிருந்தேன்.

டாக்டர் தலை குனிந்துகொண்டார். சங்கிலிதான் எழுந்தான். அவன் குரலில் கேலி இல்லை.

“அய்யா, ஆறாம் நாளு புளிப்பு மூளைக்கு ஏறியிருக்கும். அவுக அடங்கல. கேக்கணும்னு நெனைக்கவே அவுகளால முடிஞ்சிருக்காது.”

டாக்டர் மேசையிலிருந்து நடந்து வந்து அந்தத் தாளை என் முன் நீட்டினார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கலாம். அடியில் இரண்டு விரற்கடை இடம் வெறுமையாக இருந்தது.

“அங்கன எழுதுங்க,” என்றேன்.

“என்னன்னு எழுதட்டும்?”

“அப்பன் விடலன்னு எழுதுங்க.”

அவர் எழுதினார். பிறகு அதையே வகுப்புக்கும் சொன்னார். பேனாக்கள் காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. காளையின் பேனா மட்டும் நோட்டின் மேல் கிடந்தது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எழுதுடா,” என்றேன்.