பத்து வள்ளம்

அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட ஊரில் ஒருத்தரும் முன்வரவில்லை. கடைசியில் மாட்டியவன் ரெக்சன். புன்னைக்காயல் முகத்துவாரத்தில் மணல் மேடேறி, ஒரே மாதத்தில் மூன்று வள்ளங்கள் கவிழ்ந்துவிட்டன. தோண்டித் தாருங்கள் என்று கேட்க, தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே கடலில் நிற்பதாக ஏற்பாடு. பத்து வள்ளம், ஒரு மணி நேரம், கோஷம் கூடாது என்றது காவல்துறை. பதினோராவது வள்ளம் வந்தால் கையெழுத்துப் போட்டவன்மேல் வழக்கு.

ரெக்சனோ அடுத்த மாதம் கப்பலேற வேண்டியவன். வழக்கு விழுந்தால் போலீஸ் சான்று கிடைக்காது, கப்பல் வேலையும் போச்சு.

"ஒங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றாள் மனைவி ஹில்டா.

"பத்துன்னா பத்துதாம்ளா. எண்ணித்தான் கொண்டு போவேன்."

எண்ணித்தான் கொண்டுபோனான். ஆனால் ஒன்றில் கோட்டை விட்டான். வலை இறக்காமல், சத்தமில்லாமல், பத்து வள்ளம் ஒரே இடத்தில் நின்றால் கடலில் இருக்கிறவன் என்ன நினைப்பான்? ஆள் விழுந்துவிட்டான், தேடுகிறார்கள் என்றுதானே! எட்டு வருடம் கப்பலில் கிடந்த பயலுக்கு அது தோன்றவே இல்லை.

அரைமணி நேரத்தில் நாலா பக்கமும் இன்ஜின் சத்தம். முதலில் வந்தவர் வேறு ஊர்க்காரர், பவுல்.

"ஏலே, யாருலே விழுந்தது?"

"யாரும் விழல அண்ணாச்சி. விழுததுக்கு முந்தி மொகத்துவாரத்தத் தோண்டச் சொல்லி நிக்கோம்."

பவுல் இன்ஜினை நிறுத்தினார். பின்னால் வந்தவர்களும் நிறுத்தினார்கள்.

போலீஸ் படகு பக்கத்தில் வந்தது. இன்ஸ்பெக்டர் மந்திரமூர்த்தி நல்ல மனிதர்தான்.

"தம்பி, ஆளத் தேடி வந்தவங்கன்னு தெரியுது. இப்பவே போகச் சொல்லிரு. நான் பத்துன்னே எழுதிக்கிடுதேன்."

ரெக்சனுக்கு உயிர் வந்தது. கையை உயர்த்தி, போங்க என்று சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் பவுலின் வள்ளத்துக்குள் பார்த்தான். அறுத்த கயிறு ஈரத்தோடு கிடந்தது. முகம் தெரியாத ஒருத்தனைத் தேட, மனிதர் வலையைக் கடலிலேயே அறுத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். பக்கத்து வள்ளத்திலும் அப்படித்தான்.

ரெக்சன் உயர்த்திய கையை இறக்கினான். ஹில்டா கொன்றுவிடுவாள் என்று தெரிந்தேதான் இறக்கினான்.

"என்ன தம்பி, சொல்லலையா?"

"இல்ல சார். நீங்க எண்ணிக்கிடுங்க."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு நோட்டைத் திறந்தார். முப்பது வரைக்கும் எண்ணி நிறுத்தினார்.

"அந்தக் கடைசில ரெண்டு நிக்கி சார்" என்றான் ரெக்சன். "அதையும் சேத்துக்கிடுங்க."