காப்புக்காட்டு மயில்கள்

பொய் சொல்லத் தெரியாத மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்த மாதம் முழுக்க ஜெயலட்சுமி அப்படித்தான் இருந்தாள்.

பெரம்பலூரிலிருந்து வருகிற பஸ்கள் அரியலூர் டவுனுக்குள் சிமெண்ட் லாரிகளோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் ரயில் போய்விடுகிறது. அதனால் பஸ்கள் நேராக ரயிலடிக்குப் போகப் புதிதாக ஒரு சாலை போடுவதென்று முடிவானது. நல்ல காரியம்தான், யார் வேண்டாமென்றார்கள்? எந்த வழியாகப் போடுவது என்பதில்தான் வந்தது வினை. ஒரு வழி வனத்துறையின் காப்புக்காட்டைக் கிழித்துக்கொண்டு போனது. இன்னொன்று காட்டை விட்டு விலகிப் புதுத்தெருவுக்குள் நுழைந்தது. அந்தப் புதுத்தெருவில், சாலை வருகிற இடத்துக்கு நட்டநடுவில் ஜெயலட்சுமியின் வீடு இருந்தது. பாதி ஆயுளைக் குவார்ட்டர்ஸில் கழித்துவிட்டு, போன தை மாதம்தான் பால் காய்ச்சிக் குடிவந்திருந்தார்கள்.

காட்டில் மயில்கள் தங்குகின்றனவா, வெறுமனே வந்து போகின்றனவா என்று அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்களாம். தங்கினால் சாலை புதுத்தெருவுக்கு வரும். இல்லையென்றால் காட்டுக்குள் போகும். அவர்களுக்கு வழிகாட்டி விவரம் சொல்ல வேண்டியவர் அந்தக் காட்டின் வனக்காவலர் கலைவாணன். வேறு யாருமில்லை, ஜெயலட்சுமியின் வீட்டுக்காரர்தான்.

"என்னங்க, அவங்க கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"இருக்கறத சொல்லுவேன்."

"அப்ப நம்ம வூடு?"

அவர் தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அரிச்சந்திரன் பேரன் என்று நினைப்பு! கட்டின பெண்டாட்டி தெருவில் நின்றாலும் மயில் கணக்கு சரியாக இருக்க வேண்டும் இந்த மனுஷனுக்கு.

ராத்திரி தூக்கம் போனது. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காட்டுக்கு அந்தப்பக்கம், ஓடையைத் தாண்டிக் கருவேலம் புதர் மண்டிய தரிசு கிடக்கிறது. அங்கே தீனி கிடைத்தால் மயில்கள் அங்கேயே போய்விடாதா? அதிகாரிகள் வரும்போது காடு வெறிச்சென்று இருக்கும். அவர் பொய் சொல்லவும் வேண்டாம், வீடு போகவும் வேண்டாம்.

பூலாம்பாடியில் அவள் அண்ணன் பிச்சைமுத்து மக்காச்சோளம் ஊன்றி முடித்திருந்தான். மிஞ்சிய விதை பையில் கிடந்தது. கொல்லையில் போட என்று சொல்லிக் கேட்டாள்.

"எடுத்துக்க. மருந்து கலந்த வெதை, கோழி கீழி தின்னுறப் போவுது, பாத்து" என்றான் அவன்.

"எனக்குத் தெரியாதாண்ணே!"

தெரியும்தான். மிஞ்சின விதையை அம்மா நாலைந்து தண்ணீரில் அலசி, காயவைத்து ஆட்டுக்கு வைப்பதை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். ஒரு ஆட்டுக்கும் ஒன்றும் ஆனதில்லை. அவளும் விதைமேல் மருந்தோடு ஒட்டியிருந்த ரோஸ் சாயம் போகிறவரைக்கும் தேய்த்துத் தேய்த்து அலசினாள். சோளம் பளிச்சென்று மஞ்சளாக வந்துவிட்டது. அந்தக் காலத்து மருந்து வேறு, இந்தக் காலத்து மருந்து வேறு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கலைவாணன் ரேஞ்சர் ஆபீசுக்குப் போயிருந்த சமயம் பார்த்துத் தரிசில் இறைத்துவிட்டு வந்தாள். ஓடைக்கரையில் நின்று திரும்பிப் பார்த்தபோது மயில்கள் ஒவ்வொன்றாக இறங்கிக் கொத்திக்கொண்டிருந்தன. அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் காலையில் அதிகாரிகளுக்குக் கொடுக்க டீ போட்டுப் பெரிய பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கலைவாணன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி அடுப்படிக்கு வந்து நின்றார்.

"ஜெயா, மயிலு வந்துட்டுப் போறதுதான், தங்கறதில்லன்னு சொல்லப்போறேன்."

அவள் டீ ஊற்றுவதை நிறுத்தினாள். "என்னங்க சொல்றீங்க?"

"நீ ஒரு மாசமா தூங்கல. நானுந்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவளுக்கு அழுகையாக வந்தது. இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் திட்டினோம் என்று நினைத்துக்கொண்டே டம்ளர்களோடு பின்னால் ஓடினாள்.

காட்டு முனையில் ரேஞ்சரும் நெடுஞ்சாலை இன்ஜினியரும் ஜீப்பிலிருந்து இறங்கினார்கள். கலைவாணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க வந்துட்டுப் போறதுதான் சார்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் ரேஞ்சர் நாலு எட்டு முன்னால் போய்விட்டார்.

"கலைவாணன்! இங்க வாங்க!"

பெரிய வாகை மரத்தடியில் மயில்கள் கிடந்தன. ஒன்று, இரண்டு, அந்தப்பக்கம் இன்னும். தோகை முழுக்க மண். ஒன்றுக்கு மட்டும் கால் இழுத்துக்கொண்டிருந்தது. ஜெயலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கே தின்றாலும் பொழுது சாய்ந்தால் அவை தங்கள் மரத்துக்குத்தானே அடைய வரும்! ஐயோ, இது ஏன் நேற்றே தோன்றவில்லை?

ரேஞ்சர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். கிளைகளுக்குக் கீழே தரையெல்லாம் எச்சம் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"இத்தன மயிலு அடையற காட்டுலயா சார் ரோடு போடறது?" என்றார் இன்ஜினியரிடம். "இந்த வழிக்கு நான் சம்மதிக்க முடியாது. தெரு வழியாவே போங்க."

இன்ஜினியர் தலையாட்டிவிட்டு வரைபடத்தைச் சுருட்டினார்.

கலைவாணன் குனிந்து ஒரு மயிலின் அலகைப் பிரித்தார். உள்ளே சோளம் இருந்தது. ஒரு மணியை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். அவள் நின்ற நிலையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. டம்ளர்களை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தச் சோளமணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ வெஷம் வெச்சிருக்கான். கேஸ் போட்டு உள்ள தள்ளாம விடக்கூடாது" என்றார் ரேஞ்சர். "உங்க காவல் பீட்ல நடந்திருக்கு கலைவாணன். யாரு வேலைன்னு ஏதாவது தெரியுதா?"

அவர் அந்தச் சோளமணியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"தெரியல சார்."

பிறகு அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"டீ ஊத்து ஜெயா. சாருங்க நிக்கிறாங்க பாரு."