ஃபராஷ் சின்னசாமி

மாரெட்பள்ளியில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறைதான் யூனிஸின் ஆபீஸ். பழைய உருதுப் பத்திரங்களை மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கொடுப்பது அவள் தொழில். அந்த முத்திரைக்குக் கோர்ட்டில் மறுகேள்வி கிடையாது. அறையின் சொந்தக்காரர் சக்ரபாணி. உப்பலில் மூன்று அபார்ட்மெண்ட் கட்டி முடித்ததும் அவருக்கு ஒரு பரம்பரையும் தேவைப்பட்டது.

மகன் ராகேஷின் கல்யாணப் பத்திரிகையை மேசைமேல் வைத்தார். செகந்திராபாத் பழைய தமிழ்க் குடும்பங்களின் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைவிட முன்னோரின் பட்டம் பெரிய எழுத்தில் இருக்கும். இதிலும் இருந்தது: 'நிஜாம் சர்க்கார் ஃபராஷ் சின்னசாமி அவர்களின் எள்ளுப்பேரன்.'

கூடவே ஒரு பழுப்பேறிய உருது நியமனத்தாள்.

"இதை இங்கிலீஷ்ல எழுதி சீல் போட்டுக் குடுங்க மேடம். ஃப்ரேம் போட்டு ரிசப்ஷன் வாசல்ல வைக்கிறோம். சம்பந்தி வீட்டுப் பரம்பரையில ரெண்டு ராவ் பகதூர் இருந்திருக்காங்க."

யூனிஸ் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஃபராஷ்னா என்னன்னு யாரையாவது கேட்டீங்களா சார்?"

"கேக்கணுமா? நவாப் மாதிரி ஒண்ணு."

அரபியில் ஃபராஷ் என்றால் கம்பளம் விரிப்பவன் என்று அவள் சொன்னாள். பாதுஷாக்களின் பாசறையில் கூடாரம் அடிக்கும் வேலையும் அவனிடம் வந்தது. அங்கே கொஞ்சம் மதிப்பும் இருந்தது. பாசறைகள் போய்க் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸ்கள் வந்தபோது கையில் துடைப்பம் ஏறியது. இப்போது அந்தப் பெயரும் வழக்கொழிந்து ஹவுஸ்கீப்பிங் ஆகிவிட்டது. பெருக்குவது மட்டும் ஒழியவில்லை.

"உங்க கொள்ளுத்தாத்தா ரெவின்யூ கச்சேரியில நாலு ரூம் பெருக்கியிருக்கார். இதிலேயே இருக்கு."

சக்ரபாணி வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நடுவுல ஏதோ கூடாரம்னீங்களே, அதைப் போடுங்க."

"அது முந்நூறு வருஷம் முந்தி."

"கைக்கு மேடம், எதுக்கு இவ்ளோ யோசனை? யாரு உருது படிக்கப்போறாங்க? இந்த ரூமை ஒரு டிராவல்ஸ்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான். உங்களுக்காகத்தான் நக்கோ, வேணாம்னு சொல்லிட்டு வர்றேன்."

இருபது வருடமாக வக்கீல்கள் இந்த முகவரிக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள். யூனிஸ் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பெருக்கியவர் பிள்ளையைப் படிக்கவைத்தார். அந்தப் பிள்ளையின் மகன் ரயில்வேயில் சேர்ந்து, லாலாகுடா குவார்ட்டர்ஸில் பெற்று வளர்த்தது இந்த ஆளைத்தான். இவ்வளவு உழைப்பும் இதற்குத்தானா.

டைப் செய்தாள். முத்திரை குத்தினாள். 'ஸ்வீப்பர்' என்ற சொல்லைச் சக்ரபாணி உதட்டை அசைத்துப் படித்தார்.

"மாசக் கடைசியில சாவி குடுத்துடுங்க."

"தர்றேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. குரல் இறங்கியது. "எண்ணூறு பத்திரிகை அடிச்சாச்சே. இப்ப என்ன பண்றது?"

"அப்படியே குடுங்க சார். உங்க சம்பந்தியும் யார்கிட்டயும் கேக்கமாட்டார்."

சக்ரபாணியின் முகம் தெளிந்தது. "ஹவ், அதுவும் சரிதான்" என்றார். மொழிபெயர்ப்பை நான்காக மடித்துச் சட்டைப்பையில் திணித்தார். பத்திரிகையையும் நியமனத்தாளையும் எடுத்துக்கொண்டார், நன்றிகூடச் சொன்னார். சாவி விஷயத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

யூனிஸ் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டு அகராதிகளை இறக்கத் தொடங்கினாள்.