அடுத்த வாய்தா

"அவ இப்ப என் தோள் உயரம் வந்திருப்பாளா அண்ணே?" என்று தையல்காரம்மா என்னைக் கேட்டது பதினோராவது வாய்தாவன்று. மகளைப் பார்க்க அனுமதி கேட்டுக் குடும்ப நீதிமன்றத்தில் அவள் மனுப் போட்டு அப்போது இரண்டு வருடம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன புருஷன் வீடு மாற்றிக்கொண்டே இருந்தான். கோர்ட்டுக்கு வக்கீலை மட்டும் அனுப்பினான். நான் அங்கே பெஞ்ச் கிளார்க். நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுத்து, அடுத்த தேதி சொல்பவன்.

"என் பொண்ணுக்கும் அதே வயசுதான்மா. என் காது வரைக்கும் வந்துட்டா."

அவள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து நீட்டினாள். "அப்ப உங்க பொண்ணோட அளவக் கொண்டாங்க. உத்தேசமாத் தச்சு வைக்கிறேன். என்னிக்குப் பாக்க விடுவாங்கன்னு யாரு கண்டா."

அப்படித்தான் வருடத்துக்கு ஒரு முறை என் மகளின் தோள், இடுப்பு, உயரம் எல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் அவளிடம் போயின. ஒவ்வொரு வாய்தாவுக்கும் புதுச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்து பெஞ்சில் காத்திருப்பாள். சாயங்காலம் அந்தப் பை அப்படியே திரும்பிப் போகும்.

ஒருநாள், "வாய்தான்னா என்னண்ணே அர்த்தம்?" என்றாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற சொல். எனக்குத் தெரியவில்லை. மதியம் நூலகத்துப் பழைய அகராதியைப் புரட்டினேன். அரபியில் பிறந்து, பாரசீகமும் உருதுவும் சுற்றி நம்மிடம் வந்த சொல்லாம். ஆஜர், ஜப்தி, அமீனா எல்லாம் அதே கூட்டம்தான். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், சொற்கள் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. மூலத்தில் அதற்கு வாக்குறுதி என்று பொருள். பெரிய மேதாவி போல அதை அவளிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப இத்தன வருஷமா கோர்ட்டு எனக்கு வாக்குக் குடுத்துக்கிட்டே இருக்கு" என்று சிரித்தாள். அதன்பின் நான் தேதி எழுதிக் கொடுக்கும் சீட்டுகளை எறியாமல் ஊசி டப்பாவில் மடித்து வைத்துக்கொண்டாள். எனக்கு அது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கங்கெட்டவன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. தேதி போடுவதற்குக் கட்டின் கடைசித் தாளை மட்டும்தான் பார்ப்போம். வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது அதில் இருக்கும். முதல் பக்கத்தை யாரும் திருப்புவதில்லை. போன முறை புருஷனின் வக்கீல் குனிந்து, "மூணு வாரம் தள்ளிக் குடுங்க, வேற கேஸ் இருக்கு" என்றார். கடைசித் தாளைப் பார்த்தேன், தேதி சொன்னேன். நீதிபதி தலையாட்டினார். மனுவின் முதல் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பிறந்த தேதி ஆறு வருடமாக இருக்கிறது. வக்கீலுக்கு அது தெரியும். நான் பார்த்திருக்க வேண்டும்.

இன்று புது நீதிபதி முதல் பக்கத்திலிருந்து படித்தார். "பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சு மூணு நாளாச்சேம்மா. இனிமே அவ இஷ்டம். இந்த மனுவில கோர்ட் செய்ய ஒண்ணுமில்ல." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வக்கீல் கட்டைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அவள் வழக்கம்போல என் மேசைக்கு வந்து சீட்டுக்குக் கை நீட்டினாள்.

"முடிஞ்சு போச்சும்மா" என்றேன். "நீங்களே போய்ப் பாக்கலாம் இனிமே."

"எங்க போய்ப் பாக்க? அவ எங்க இருக்கான்னு எனக்கு யாரு சொல்வா?" நீட்டிய கை அப்படியே இருந்தது. "உங்க வாய்தாவாச்சும் இருந்துச்சு."

என் தவறைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் பையை என் மேசைமேல் வைத்தாள். "உங்க பொண்ணு அளவுதானே. அவளுக்கே குடுங்க."

வீட்டில் மகள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றினாள். "வெறும் சீட்டு அளவ வச்சு எப்படிப்பா இவ்ளோ கரெக்டா இருக்கு? என்னைப் பாத்ததே இல்லையே அவங்க."

சட்டையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் உள்ளே ஒரு விரல்கடை துணி மடித்து விட்டிருந்தது. பிள்ளை இன்னும் வளர்ந்தால் பிரித்துக்கொள்ளலாம்.