எட்டாம் கட்டிலின் அம்மா

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

பிரார்த்தனைக் கூடத்தின் செயலாளர் ஃபோன் செய்து, ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்தில் வாசிக்க அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றார். மகள் பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள், அரை மணி நேர வேலைதானே என்றும் சொன்னார். சொல்லி மூன்று வாரம் ஆகிறது; கூட்டம் இந்த ஞாயிறு.

(மகள் நான்தான். ஆனால் ‘நான்’ என்று எழுதினால் வாக்கியம் அழத் தொடங்கிவிடுகிறது. அதனால் ‘மகள்’ என்றே எழுதப் போகிறேன். அவளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பதும் வசதி.)

2

மகள் எழுதி அடித்த தொடக்கங்கள்:

“குடும்பம், பக்தி, தொண்டு ஆகிய மூன்றையும் தம் இரு கண்களாகப் போற்றிய...” (மூன்றை எப்படி இரண்டு கண்ணாகப் போற்றுவது?)

“பெற்றது ஒரு பிள்ளை என்றாலும், அவரை அம்மா என்று அழைத்தவர்கள்...” (இதை முடிக்க முடியவில்லை. இங்கேதான் வயிறு எரிகிறது.)

“அவர் தினமும் காலையில் ஒரு நோட்டைத் திறந்து, அதில் உள்ள பெயர்களுக்காகப் பிரார்த்திப்பார்.” இது உண்மை. அடுத்த வீட்டு டிரைவரின் மூட்டு வலி, யாரோ ஒருத்தியின் தேர்வு, பெயர் தெரியாத ‘பஸ்ஸில் அழுத அம்மாள்’ எல்லாம் அந்த நோட்டில் உண்டு. மகளின் பெயர் கடைசிப் பக்கத்தில். ஒருநாள் கேட்டேவிட்டாள். “நம்ம ஆளுங்க கடைசியிலதான் வரணும்” என்றாள் அம்மா. பந்தியில் வீட்டுக்காரர்கள் கடைசியாக உட்காருவது மாதிரி, அதில் ஒரு பெருமை அவளுக்கு.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், வீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. படுத்த படுக்கையாக இருந்த மாமியாரை ஆறு வருஷம் முகம் கோணாமல் பார்த்தாள். மகளின் பள்ளிக்கூடச் சாப்பாடு ஒருநாளும் ஆறிப் போனதில்லை. கொஞ்சமாவது கவனிக்காமல் விட்டிருந்தால் சண்டை போடவாவது வழி இருந்திருக்கும்.

3

தகவல் சேர்க்கிறேன் என்று மகள், அம்மா தொண்டு செய்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். தலைமை நர்ஸ் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்தார். அந்த வார்டில் ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு துணை ஆள்தான் நாள் முழுக்க இருக்கலாம். அதுவும் சொந்தக்காரராக இருக்க வேண்டும். தொண்டர்கள் இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிட வேண்டும்.

அம்மா கிளம்பவில்லை. யாருமே வராத நோயாளிகளுக்கு, ‘என்ன உறவு’ என்ற இடத்தில், முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: சித்தி. அத்தை. அக்கா. மாமியார். பொய் சொன்னால் நாக்கில் சூடு போடுவேன் என்று மகளை மிரட்டிய அதே அம்மா.*

* மகள் இங்கே சிரித்தாள். அதையும் பதிவு செய்ய வேண்டும்.

பிறகு மகள், தனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்த தேதியைத் தேடினாள். கட்டில் ஏழு: அவள் பெயர். துணை ஆளாகக் கணவர். கட்டில் எட்டு: கால் முறிந்த ஒரு தையல்காரப் பெண். துணை ஆளாக அம்மாவின் பெயர். உறவு: அம்மா.

அந்த நாள் அப்படியே நினைவிருக்கிறது. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு நாற்காலி. அம்மா அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மகளுக்குத் தெரிந்தது அம்மாவின் முதுகு. பத்து வயதில் ‘நானே பின்னிக்கிறேன்’ என்று சீப்பைப் பிடுங்கியவள், முப்பத்தெட்டு வயதில், வயிற்றுத் தையலோடு படுத்தபடி, அடுத்தவள் பின்னலைப் பார்த்து வெந்துகொண்டிருந்தாள்.

4

இங்கே கதைக்கு இரண்டு முடிவுகள் கிடைத்தன.

ஒன்று, நர்ஸ் தந்தது. உங்கள் துணை ஆள் சீட்டைக் கணவர் வாங்கிவிட்டார், உங்கள் பக்கத்திலேயே இருக்கத்தான் அம்மா எட்டாம் கட்டிலுக்கு எழுதிக்கொண்டார் என்றார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை வாசித்தால் கூடமே கண்ணைத் துடைக்கும். ஆனால் பிழை திருத்துகிறவளுக்குக் கண் சும்மா இருக்காதே. எட்டாம் கட்டிலுக்கு அம்மா எழுதிய தேதி ஒருநாள் முந்தியது. மகளுக்கு அப்போது வயிற்று வலியே வந்திருக்கவில்லை.

இரண்டாவது, அதைக் காட்டியதும் நர்ஸ் தயங்கிச் சொன்னது.

“உங்கள ஏழுல போடச் சொன்னதே அம்மாதாங்க. ஒரே நாற்காலில உக்காந்து ரெண்டு பேரையும் பாத்துக்கலாம்னாங்க.”

அந்தப் பெண்ணை விட மனமில்லாமல் மகளை அங்கே இழுத்தாளா? மகளை விட்டு ஒரு அடியும் நகரக் கூடாது என்று இழுத்தாளா? மகள் இதைப் பல விதமாக எழுதிப் பார்த்தாள். அம்மா ஒருத்தியாகவே இருந்தாள். மகள்கள்தான் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். ஒரு நாள்கூட அவளை முழுசாக

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

5

கொஞ்ச நேரத்துக்கு முன் ஃபோன் வந்தது. எட்டாம் கட்டில். கூட்டத்தில் அவளையும் பேசச் சொல்லியிருக்கிறார்களாம்.

“அக்கா, பேசும்போது அவங்கள அம்மான்னு சொல்லலாமா? எனக்கு வேற எப்படிக் கூப்பிடறதுன்னே தெரியல. நீங்க வேண்டாம்னா ஆன்ட்டின்னே சொல்லிடறேன்.”

மகள், “ஒரு நிமிஷம் இரும்மா” என்றாள். ஃபோனை மேஜைமேல் கவிழ்த்துவிட்டு இங்கே எழுத வந்து உட்கார்ந்துவிட்டாள். கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அம்மா விட்டுப்போனதில் எனக்கு மட்டுமே என்று மிச்சமிருப்பது அந்த ஒரு சொல்தான். சொல்லிக்கோ என்றால் அதுவும் போய்விடும்.

அந்தப் பெண் இன்னும் லைனில் இருக்கிறாள். ஸ்பீக்கரில் மூச்சு விடுவது கேட்கிறது. இவ்வளவு படித்துவிட்டீர்கள், நீங்களே எடுத்துப் பேசுங்கள். வேண்டாம் என்றாலும் சரி, நான் கோபப்பட மாட்டேன். சொல்லிக்கோ என்று சொல்வதானால் மட்டும் ஒரு உதவி செய்யுங்கள்: மனசாரச் சொன்னேன் என்று சொல்லிவிடாதீர்கள்.