ஆறு தட்டுச் சம்பந்தம்

"பொண்ணு கேக்குற மாதிரி முறையா வந்து கேளுங்க, தர்றேன்" என்று துயெத் அம்மையார் கிண்டலாகத்தான் சொன்னார். குயென் அதைத் தன் தலைவர் லோக்கிடம் அப்படியே போய்ச் சொன்னாள். அதுதான் தப்பாகிவிட்டது.

ஹனோயில் இருந்த அந்த ஆய்வு நிறுவனத்தில் இரண்டாம் மாடி பித்தத்துக்கு, மூன்றாம் மாடி மாசிபத்திரி மூலிகைக்கு. மாட்டுப் பித்தப்பையிலிருந்து எடுத்த அமிலத்தைக் கண்டால் ஈரல் சொந்தக்காரன் வந்துவிட்டதாக நினைத்துக் கதவைத் திறந்துவிடும். மாசிபத்திரிச் சத்து புற்றுச் செல்லைக் கொல்லும், ஆனால் போதுமான அளவு உள்ளே நுழையத் துப்பில்லை. இரண்டையும் ஒரு கார்பன் சங்கிலியால் கோத்துவிட்டால் ஒன்றின் முதுகில் மற்றது ஏறி ஈரல் புற்றுக்குள் போய்விடும் என்பது குயெனின் கணக்கு. டெட் புத்தாண்டுக்கு முன்னால் மேலிடத்து ஆய்வுக்குழு வந்து பார்க்கும். காட்டுவதற்கு ஒரு கலப்பு மருந்தாவது இல்லையென்றால் திட்டத்தை மூடி, அறையைத் தயிர்க் கிருமி ஆராயும் ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். பாதியில் நிற்கும் அவளுடைய முனைவர் பட்டமும் அதோடு போய்விடும்.

சத்து மூன்றாம் மாடித் தலைவர் துயெத்தின் பூட்டிய குளிர்பெட்டியில் இருந்தது. முன்பொருவர் அதை வாங்கிப் போய்க் கட்டுரையில் துயெத்தின் பெயரையே விட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் யாருக்கும் ஒரு துளி தந்ததில்லை.

இரண்டாம் மாடித் தலைவர் லோக் தெற்கே கான் தோ ஊர்க்காரர். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற மனிதர். மறுநாள் காலை வெள்ளை மேலங்கி போட்டவர்கள் சிவப்புத் துணி மூடிய தட்டுகளுடன் வரிசையாகப் படியேறினார்கள். வெற்றிலை பாக்கு, தேயிலை, தாமரை விதை மிட்டாய், பழம், மது, கல்யாணத்துக்கென்றே செய்யும் புருஷன் பெண்டாட்டி பலகாரம். முன்னால் லோக், கழுத்தில் சிவப்பு நாடா கட்டிய அமிலக் குப்பியை ஏந்திக்கொண்டு நடந்தார்.

துயெத்தின் முகம் மலர்ந்தது. தேநீர் போடச் சொன்னார். பிறகு தட்டுகளை எண்ணினார்.

"ஆறா?"

"ஆறுதான்க்கா. நிறைவா இருக்கட்டுமேன்னு."

"ஹனோயில எந்த வீட்டுக்குத் தம்பி ரெட்டைப்படையில தட்டு எடுத்துட்டு வர்றாங்க? தூக்கிட்டுப் போங்க."

"எங்க பக்கம் ஒத்தைப்படைன்னா வாசல்லயே திருப்பிடுவாங்கக்கா."

இரு மாடிக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். வடக்கா தெற்கா என்ற வழக்கு தேநீர் ஆறும்வரை நடந்தது. திறந்திருந்த கதவு வழியே, தயிர் ஆட்கள் அளவு நாடாவோடு கீழே இறங்கிப் போவதைக் குயென் பார்த்தாள். பலகாரத் தட்டின் துணியை விலக்கி ஒன்றை எடுத்து வாயில் போட்டாள்.

"இதைக் காலி பண்ணிட்டா அஞ்சுதானே மேடம்?"

எல்லோருமாகத் தின்று தீர்த்தார்கள். துயெத் மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுத்தார். பூட்டில் சாவியை வைத்தவர் நிதானமாகத் திரும்பினார்.

"நடுவுல எத்தனை கார்பன் வைக்கப் போறே?"

"ஆறு, மேடம்."

எங்கள் பெண் ஆறில் போகாது என்றார் துயெத். ஐந்து என்றால் எங்கள் பையன் வரமாட்டான் என்றார் லோக். வீட்டுக்கு ஒன்றாக இரண்டையும் செய்கிறேன் என்று கெஞ்சிச் சத்தை வாங்கி வந்தாள் குயென்.

ஆய்வுக்குழு வந்த அன்று ஆறு கார்பன், ஐந்து கார்பன் மருந்து விட்ட இரண்டு செல் தட்டங்களும் நுண்ணோக்கியடியில் இருந்தன. ஆறில் புற்றுச் செல்கள் செழிப்பாகப் பரவிக் கிடந்தன. ஐந்தில் அத்தனையும் செத்திருந்தன. திட்டம் பிழைத்தது என்று நினைத்தாள் குயென். துயெத் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

லோக் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இந்தச் செல்லுங்கள எங்கேம்மா வாங்கினே?"

"இங்கதான் சார், ஹனோயில."

"அதானே பார்த்தேன். தெக்கத்திச் செல்லுல போட்டுப் பார்க்கணும்."

குழுவின் தலைவர் பேனாவை மூடினார். நியாயமான கேள்விதான் என்று சொல்லி, அதை ஆராய்வதற்காகத் திட்டத்தை இன்னும் ஓராண்டு நீட்டித்தார்.